36 லெக், 12 பேர், 320 கி.மீ. ரிலே: யாரை எந்த இடத்தில் ஓட விடுவது?

#1 சுமைதாங்கி

வணக்கம். எங்கள் ஓட்டக் குழு முதல் முறையாக ஒரு நெடுந்தொலைவு ரிலேவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. 320 கி.மீ., 36 லெக் (ஒருவர் ஒரு மூச்சில் ஓடும் பகுதி), 12 பேர், இரண்டு வேன். ஒவ்வொருவரும் மூன்று முறை ஓட வேண்டும், வரிசை மாறக்கூடாது. அதாவது 1ஆம் ஆளுக்கு 1, 13, 25ஆவது லெக், 2ஆம் ஆளுக்கு 2, 14, 26, இப்படியே போகும். இந்த வரிசை எண்ணைத்தான் 1ஆம் இடம், 2ஆம் இடம் என்கிறோம். மலை மேல் தொடங்கிக் கடலோரம் முடிகிற பாதை. கேப்டன் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

எங்களில் 10 கி.மீ.யை 4:30 பேஸில் (கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 30 விநாடி) ஓடுகிறவரும் உண்டு, 6:30இல் ஓடுகிறவரும் உண்டு. எல்லோரையும் சேர்த்தால் சராசரி 5:30 வருகிறது. லெக்குகளும் ஒரே அளவில் இல்லை. மூன்று ஓட்டங்களையும் கூட்டினால் 9ஆம் இடத்துக்கு 21 கி.மீ.தான், 5ஆம் இடத்துக்கு 32 கி.மீ. அதிலும் நீளமான ஒரு ஏற்றம்.

இப்போது குழு இரண்டு கட்சியாக நிற்கிறது. 10 கி.மீ. நேரப் பட்டியலை எடுத்து, வேகமானவருக்குக் கடினமான இடம், மெதுவானவருக்கு எளிதான இடம் என்று மேலிருந்து கீழே நிரப்பிவிடலாம் என்பது ஒரு கட்சி. அவரவர் விருப்பத்தைக் கேட்டுப் போடலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே முழுதாக ஒப்பவில்லை. முன்பு இப்படி ஓடியவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

#2 கணக்குப்பிள்ளை

இதில் இரண்டு கட்சிக்கு இடமே இல்லையே. 21 கி.மீ. இடத்துக்கும் 32 கி.மீ. இடத்துக்கும் வித்தியாசம் 11 கி.மீ. உங்கள் வேகக்காரருக்கும் நிதானக்காரருக்கும் கிலோமீட்டருக்கு 2 நிமிட வித்தியாசம். இருவரையும் மாற்றிப் போட்டால் 22 நிமிடம் போச்சு. நீளமான இடத்தில் வேகமானவர், ஏற்றம் உள்ள இடத்தில் அதைவிட வேகமானவர். ஏற்றத்தில் எல்லோர் பேஸும் குறையும்தான், ஆனால் இருவருக்கும் உள்ள இடைவெளி நிமிடக் கணக்கில் இன்னும் பெரிதாகும். விருப்பம் கேட்டு வரிசை போடுவதெல்லாம் சுற்றுலாவுக்குச் சரி.

#3 பழையஷூ

22 நிமிடம் என்ற கணக்கில் தப்பில்லை. ஆனால் 5:30 சராசரிக்கு மொத்த நேரம் 29 மணி 20 நிமிடம் வரும். அதில் 22 நிமிடம் எவ்வளவு என்று பாருங்கள். இரவில் ஒருவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பினால் அதில் பெரும்பங்கு காலி. இது ஒன்று.

இரண்டாவது, 10 கி.மீ. பட்டியல் என்ன சொல்கிறது? நன்றாகத் தூங்கி எழுந்து, ஒரே ஒரு முறை ஓடும்போது யார் வேகம் என்று சொல்கிறது. ரிலேவில் அந்த நிலைமை முதல் ஓட்டத்துக்கு மட்டும்தான். சுமார் ஒன்பது மணி நேர இடைவெளியில் இரண்டாவது ஓட்டம், மறுபடி அதே இடைவெளியில் மூன்றாவது. நடுவில் வேனில் மடங்கிக் கிடக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் பறந்தவர் மூன்றாவதில் நொண்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உங்கள் 1ஆம் இடம். மலை மேல் தொடக்கம் என்கிறீர்கள், அப்படியானால் முதல் லெக் இறக்கமாகத்தான் இருக்கும். இறக்கம் சுகம் என்று நினைத்து யாரையாவது போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் நடக்கும் ஹுட் டு கோஸ்ட் ரிலே இதற்குப் பெயர் போனது. 1982இல் எட்டு அணிகளோடு ஆரம்பித்தது, இப்போது ஆயிரத்தைச் சுற்றி அணிகள் ஓடுகின்றன. ஹுட் மலையில் டிம்பர்லைன் லாட்ஜ் என்ற இடத்தில் தொடக்கம். முதல் லெக்கில் 9 கி.மீ.க்குள் ஏறத்தாழ 600 மீட்டர் இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அதில் உண்டாகும் நுண்ணிய சிதைவு உடனே வலிக்காது, 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். 1ஆம் ஆளின் மூன்றாவது ஓட்டம் எப்போது? தொடங்கிப் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல். அதாவது வலி தலைதூக்கும் நேரம் பார்த்து.

#4 ஆமைவேகம்

நான் அந்த 6:30 ரகம். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

முன்பு ஒரு குழுவில் இருந்தபோது எனக்கு எப்போதும் 'எளிதான இடம்' கொடுப்பார்கள். எளிதான இடம் என்றால் தட்டையான நெடுஞ்சாலை ஓரம், லாரிப் புகை, வேனில் இருந்து யாரும் இறங்கி நின்று கைதட்டாத லெக். போகட்டும், குழுவுக்கு நல்லது என்றால் ஓடிவிட்டுப் போகிறேன். ஆனால் கேப்டன் என் பேஸை ஷீட்டில் 7:15 என்று போட்டிருந்தார். எனக்குச் சொல்லவே இல்லை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சேர்த்துக்கொண்டாராம். நான் வழக்கம்போல 6:30இல் ஓடிப் போய்ச் சேர்ந்தால், கைமாற்றும் இடத்தில் அடுத்த ஆள் இல்லை. கழிப்பறை வரிசையில் நிற்கிறார். நான் மூச்சு வாங்கியபடி பேட்டனோடு காத்திருந்த நேரமும் எங்கள் அணி நேரம்தான்.

மெதுவாக ஓடுகிறவர்களின் நேரத்தை யாரும் சரியாகக் கணிப்பதில்லை, எங்களைக் கேட்பதும் இல்லை. நாங்கள்தான் அணியிலேயே ஒரே சீராக ஓடுகிறவர்கள்.

#5 கணக்குப்பிள்ளை

ஆமைவேகம் அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அது ஷீட்டில் தப்பான எண்ணைப் போட்டவரின் கோளாறு. வேகமானவருக்கு நீளமான இடம் என்ற கொள்கையை அது எந்த விதத்திலும் அசைக்கவில்லை. சீராக ஓடுவது நல்ல குணம், ஆனால் சீரான 6:30 எப்போதும் 6:30தான்.

#6 நெறியாளர்

சூடு கொஞ்சம் குறையட்டும். தலைப்பு லெக் வரிசை.

#7 பழையஷூ

கணக்குப்பிள்ளை தம்பி, உங்களுக்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் வரிசை போடும் முன் ஒரு சோதனை வைப்போம். ஒரு வார இறுதியில் எல்லோரும் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை ஓட வேண்டும். சனிக்கிழமை காலை, சனிக்கிழமை இரவு, ஞாயிறு விடியலுக்கு முன். ஒவ்வொன்றும் 8 கி.மீ., ஒரே பாதை, போட்டியில் ஓடுகிற அதே முனைப்பு. இரவு ஓட்டம் முடித்தவர்கள் வீட்டுக்குப் போய் மெத்தையில் படுக்கக் கூடாது, முடிந்தால் காரில் சாய்ந்து தூங்க வேண்டும். இதை ரிலேவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கிட்டப் போய்ச் செய்தால் களைப்பு போட்டிக்கும் கூட வந்துவிடும்.

இதில் எனக்கு வேண்டியது முதல் ஓட்ட நேரம் இல்லை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எவ்வளவு சரிந்தது என்ற எண்தான் வேண்டும். சிலர் 4:30இல் ஆரம்பித்து 5:25இல் முடிப்பார்கள். சிலர் 5:20இல் ஆரம்பித்து 5:30இல் முடிப்பார்கள். 10 கி.மீ. பட்டியலில் இருவருக்கும் 50 விநாடி இடைவெளி. மூன்றாவது ஓட்டத்தில் வெறும் 5 விநாடி.

ஏற்றத்துக்கும் இதே போல ஒன்று. எல்லோரையும் ஒரே மேட்டில் 2 கி.மீ. ஏறச் சொல்லுங்கள். அவரவர் சமதளப் பேஸோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு குறைகிறது என்று தெரியும். உடல் எடை குறைவான சிலர் சமதளத்தில் நடுத்தரமாக இருந்து ஏற்றத்தில் முதல் மூன்று பேரில் வந்துவிடுவார்கள்.

#8 கணக்குப்பிள்ளை

இது வேறு விஷயம். இதைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சுமைதாங்கி, எல்லா இடங்களின் தூரத்தையும் போடுங்களேன். குறிப்பாக, மொத்த தூரம் ஒன்றாக இருந்து வரிசை மட்டும் வேறாக உள்ள இடங்கள் இருக்கின்றனவா?

#9 சுமைதாங்கி

இருக்கின்றன. 3ஆம் இடம்: 13, 10, 6 கி.மீ. 10ஆம் இடம்: 7, 9, 13 கி.மீ. இரண்டும் கூட்டினால் 29தான்.

#10 கணக்குப்பிள்ளை

அருமை. பழையஷூ அண்ணன் சொன்ன இருவரையே எடுத்துக்கொள்வோம். சரிகிறவர்: 4:30, 4:50, 5:25. சீரானவர்: 5:20, 5:25, 5:30.

சரிகிறவரை 3ஆம் இடத்திலும் சீரானவரை 10ஆம் இடத்திலும் போட்டால் இருவர் நேரமும் சேர்த்து 17,815 விநாடி. மாற்றிப் போட்டால் 18,115. முழுதாக 5 நிமிட வித்தியாசம். ஒரே ஆட்கள், ஒரே மொத்த தூரம், யாரும் கூடுதலாக ஒரு மீட்டர்கூட ஓடவில்லை. 10 கி.மீ. பட்டியலை வைத்து நிரப்பியிருந்தால் இந்த இரண்டு இடங்களும் சமம் என்று விட்டிருப்பேன்.

ஆகவே என் முதல் பதிவில் இதைச் சேர்த்துப் படிக்கவும்: எந்த ஓட்டத்தின் வேகம் என்பதையும் பார்க்க வேண்டும்.

#11 பழையஷூ

நல்லது. ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். சரிகிறவரை முதலிலேயே 13 கி.மீ. ஓட விட்டால், 8 கி.மீ. சோதனையில் சரிந்ததைவிட அதிகமாகச் சரிவார். அந்த 5 நிமிடம் மூன்று நிமிடமாகலாம். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதுதான் இதில் தெரியும், எவ்வளவு என்பது ஓடிய பிறகுதான்.

#12 மலைப்பித்து

லெக் வரிசை என்றாலே எனக்கு ஜப்பானின் ஹகோனே எகிடென்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு ஜனவரி 2, 3 தேதிகளில் பல்கலைக்கழக அணிகள் ஓடும் ரிலே. டோக்கியோவில் இருந்து ஆஷி ஏரி வரை போய், மறுநாள் திரும்பி வருவார்கள். மொத்தம் 217 கி.மீ., பத்துப் பேர், ஆளுக்கு ஒரு லெக், ஒவ்வொன்றும் 20 கி.மீ.க்கு மேல். பேட்டன் கிடையாது, தோளில் குறுக்காகப் போடும் ஒரு துணிப் பட்டையைத்தான் கைமாற்றுவார்கள். 1920இல் இதைத் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் கனகுரி ஷிசோ. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் நின்றுவிட்டு, 1967இல் திரும்பிப் போய் எல்லைக்கோட்டைத் தாண்டியவர் அவர்தான்! 54 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மாரத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹகோனேயின் 5ஆவது லெக் மலை ஏற்றம், 800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மற்ற லெக்குகளில் அணிகளுக்கு இடையே விநாடிகளில் இருக்கும் வித்தியாசம் இங்கே நிமிடங்களாகிவிடும். 2009இல் டோயோ பல்கலைக்கழக அணி, தலைமையில் இருந்த அணிக்கு 4 நிமிடம் 58 விநாடி பின்னால் இருந்தபோது முதலாண்டு மாணவர் காஷிவபாரா பட்டையை வாங்கினார். மேலே போய்ச் சேரும்போது அவர் முதலிடம். அந்த ஆண்டு டோயோ முதல் முறையாகப் பட்டத்தை வென்றது. ஏற்றத்துக்கென்றே ஆள் பார்த்து வளர்க்கிறார்கள், பட்டியலில் யார் முதலில் இருக்கிறார் என்று பார்த்து அனுப்புவதில்லை. மறுநாள் 6ஆவது லெக்கில் அதே மலையில் இறங்க வேறொரு ரகம் ஆள். போட்டி நாள் காலையில்கூட மாற்று வீரரை உள்ளே கொண்டுவருவார்கள்.

அங்கே ஒரு கொடுமையான விதியும் உண்டு. முன்னணி அணியில் இருந்து குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் பின்தங்கினால், அடுத்த ஆள் காத்திருக்க முடியாது, மாற்றுப் பட்டையோடு ஓடத் தொடங்க வேண்டும். அணியின் சொந்தப் பட்டையோடு ஓடி வருகிறவர் எதிரே யாரும் இல்லாமல் நிற்பார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தால் மனசு கேட்காது.

#13 புதுசு

மலைப்பித்து சார், அவர்கள் வருடம் முழுக்க அதற்காகவே பயிற்சி எடுக்கிறவர்கள். நம்மைப் போல வேலைக்குப் போய்விட்டு ஓடுகிறவர்களுக்கு இது பொருந்துமா? ஆளுக்கு ஒரு லெக் என்றால் மூன்றாவது ஓட்டச் சரிவும் கிடையாதே.

#14 மலைப்பித்து

சரிவு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஏற்றத்துக்குத் தனி ஆள் வேண்டும் என்பது மட்டும் பொருந்தும். மீதியை ஆர்வக் கோளாறில் எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#15 வேன்டிரைவர்

எல்லோரும் கால்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்த ரிலேக்களில் ஓடியதே இல்லை, ஓட்டியிருக்கிறேன்.

தொடக்க நேரம் தெரியாமல் வரிசையை முடிக்காதீர்கள். நிறையப் போட்டிகளில் மெதுவான அணிகளை முதலிலும் வேகமான அணிகளைக் கடைசியிலும் அனுப்புவார்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று. காலை 6 மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகிறது பாருங்கள். ஒரு லெக் சராசரி 49 நிமிடம். முதல் வேன் ஆறு பேரும் முடிக்க ஏறத்தாழ 11 மணி. இரண்டாவது வேன் பிற்பகல் 3:45 வரை. முதல் வேன் மறுபடி இரவு 8:40 வரை. இரண்டாவது வேன் நள்ளிரவு தாண்டி 1:30 வரை. அப்புறம் முதல் வேனின் மூன்றாவது சுற்று 1:30 முதல் காலை 6:30 வரை. உடல் வெப்பநிலை அன்றைய தினத்தில் மிகக் கீழே போகும் நேரம் அது. களைப்பும் உச்சம், தூக்கமும் உச்சம். ஆனால் குளிர்ச்சி. இரண்டாவது வேனுக்குக் கடைசிச் சுற்று பகலில் வரும், வெயிலில் ஓட வேண்டும். 9 மணிக்குக் கிளம்பினால் இந்தப் படம் மொத்தமும் மூன்று மணி நேரம் நகரும். விடியற்காலையில் யாருக்குக் கண் திறக்காது, வெயிலில் யார் வாடுவார் என்று பார்த்துத்தான் வேன் பிரிக்க வேண்டும்.

ஓய்வு என்று ஐந்து மணி நேரம் காகிதத்தில் தெரியும். அதில் அடுத்த வேன் மாறும் இடம் வரை ஓட்டிப் போக ஒரு மணி, சாப்பிட, துணி மாற்ற, வரிசையில் நிற்க ஒரு மணி, ஓடுவதற்கு முன் எழுந்து தயாராக ஒரு மணி. தூக்கம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஆகவே வேன் மாறும் இடத்தில் வழியனுப்புகிறேன், கட்டிப்பிடிக்கிறேன் என்று அரை மணி நேரம் நிற்காதீர்கள். பேட்டன் கைமாறியதும் வண்டி போக வேண்டும். இரண்டாவது வேன் ஆட்கள் விடியற்காலை தொடக்கத்தைப் பார்க்க வரவே வேண்டாம், 11 மணிக்கு ஓடுகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை?

முக்கியமானது இதுதான். ஓடி முடித்தவரை ஓட்டச் சொல்லாதீர்கள். இந்தப் போட்டிகளில் எனக்குப் பயம் ஓடுகிறவர்களைப் பற்றி இல்லை, விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டியரிங் பிடித்திருப்பவரைப் பற்றித்தான். ஓடாத இரண்டு பேரை வேனுக்கு ஒருவராகப் பிடியுங்கள். இரண்டாவது வேன் ஓடும்போது முதல் வேன் ஓட்டுநர் கண்டிப்பாகத் தூங்க வேண்டும். அவரிடம் கதை பேச வராதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்: மலையில் செல்பேசி சிக்னல் இருக்காது, 'கிளம்பிட்டேன்' என்று தகவல் வரும் என நம்ப வேண்டாம், கணித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே அடுத்த ஆள் நிற்க வேண்டும். அடுத்து ஓடப் போகிறவருக்குக் கதவோர இருக்கை. ஈரத் துணிக்கு மூடி போட்ட உறை, இல்லையென்றால் இரண்டாவது சுற்றிலேயே வண்டிக்குள் உட்கார முடியாது.

#16 பின்னிரவு

வேன்டிரைவர் அண்ணா சொன்ன அந்த 1:30–6:30 சுற்றை விரும்பி வாங்குகிறவள் நான். சாலை காலி, காற்று குளிர்ச்சி, என் பேஸ் பகலை விட நன்றாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்: பெண்களை இரவு லெக்கில் இருந்து நீங்களாகவே தூக்காதீர்கள், நீங்களாகவே போடவும் செய்யாதீர்கள். கேளுங்கள். தனியாக ஓட மனம் இல்லை என்று யார் சொன்னாலும், ஆணாக இருந்தாலும், துணை ஓட்டக்காரரையோ சைக்கிளையோ விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்குப் போட்டி இது மாறும்.

இரவில் தலைவிளக்கு, ஒளிரும் மேல்சட்டை, பின்பக்கச் சிவப்பு விளக்கு மூன்றும் வேண்டும். விளக்குக்கு மாற்று பேட்டரி சட்டைப் பையில் இருக்கட்டும், வேனில் இருந்தால் பயனில்லை. திருப்பங்களை மட்டும் மணிக்கட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் தெரியும் விளக்கைப் பின்தொடர்ந்து போகவே போகாதீர்கள், அவருக்கும் வழி தெரியும் என்று யார் சொன்னது?

ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுப்பிவிடுங்கள். தூக்கம் கலைந்த முதல் கால் மணி, அரை மணி நேரத்துக்கு மூளை வேலை செய்யாது. காபி குடிக்கிறவர்கள், பாதியளவு குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்று நினைவில் வைத்துக் குடியுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு முன் நிறையக் குடித்தால் அடுத்த தூக்கம் கெட்டது.

#17 புதுசு

சாப்பாடு?

#18 பழையஷூ

ஓடி முடித்ததும் மாவுச்சத்து. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஒரு கிராம் கணக்கில் முதல் சில மணி நேரம், அதாவது 60 கிலோ ஆள் என்றால் மணிக்கு 60 கிராம். உப்பும் தண்ணீரும் கூட. எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதுவும் வேண்டாம். இவ்வளவுதான், இதில் நிறையப் பேச ஒன்றுமில்லை.

#19 சுமைதாங்கி

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஓட்டச் சோதனையை முடித்துவிட்டோம். பட்டியலே தலைகீழாகிவிட்டது.

எங்கள் 4:30 ஆள் மூன்றாவதில் 5:20க்குப் போனார். அவருக்கே அதிர்ச்சி. அவரை 5ஆம் இடத்தில் போட வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள். அவருக்கு 3ஆம் இடம். 5ஆம் இடம், சமதளத்தில் 5:00 ஓடி மேட்டுச் சோதனையில் முதலாக வந்த ஒரு பெண்ணுக்கு. அவரே விரும்பிக் கேட்டார். 10ஆம் இடம் எங்கள் சீரான 5:20க்கு. 1ஆம் இடத்தில் ஓடப் போகிறவர் மூன்று வாரம் முன்பே ஒரு நீண்ட இறக்கத்தில் ஓடித் தசையைப் பழக்கிவிட்டார். ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட தசை அடுத்த முறை குறைவாகத்தான் நோகும் என்று படித்தோம். 6:30 ஆளுக்கு 9ஆம் இடம்தான், ஆனால் மூன்று ஓட்ட நேரத்தையும் அவரே ஷீட்டில் எழுதினார். தொடக்கம் காலை 6 மணி. ஓட்டுநர் இருவர் வெளியில் இருந்து.

10 கி.மீ. பட்டியல்படி 29:20. சோதனைப்படி 30:25. இரண்டையும் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

#20 சுமைதாங்கி

முடித்துவிட்டோம்! 30 மணி 55 நிமிடம்.

முதல் சுற்றில் 30:25 திட்டத்தைவிட 6 நிமிடம் முன்னால் இருந்தோம். வேனுக்குள் ஒரே ஆட்டம் பாட்டம், கண்ணாடியில் மார்க்கரால் முந்தியவர்களின் எண்ணிக்கையைக் கோடு கிழித்துக்கொண்டு வந்தார்கள். (எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. நமக்கு முன்னால் கிளம்பிய மெதுவான அணியை முந்துவதில் என்ன இருக்கிறது? நம்மை முந்திப் போனவர்களுக்கும் யாரும் கோடு போடவில்லை.) இரவு 22ஆவது லெக்கில் எங்கள் ஆள், முன்னால் போன விளக்கைப் பின்தொடர்ந்து தப்பான சாலையில் போய்விட்டார். பின்னிரவு சொன்னதை அவருக்கு வாசித்தும் காட்டியிருந்தோம். 12 நிமிடம். காலையில் ஒரு கைமாற்று இடத்துக்கு முன் வேன்கள் தேங்கி நின்றதால் எங்கள் அடுத்த ஆள் இறங்கி ஒரு கிலோமீட்டர் ஓடிப் போக வேண்டியதாயிற்று. வந்தவர் 9 நிமிடம் காத்திருந்தார். மிச்சம் 15 நிமிடமும் கடைசிச் சுற்று வெயிலில் போனது.

5ஆம் இடத்துப் பெண் ஏற்றத்தில் தன் கணிப்பைவிட இரண்டு நிமிடம் முன்னால் வந்தார். 1ஆம் இடத்துக்காரர் மூன்றாவது ஓட்டத்தையும் ஒழுங்காக முடித்தார். படிக்கட்டில் இறங்க மட்டும் இன்னும் கைப்பிடி தேவைப்படுகிறதாம்.

#21 கணக்குப்பிள்ளை

வாழ்த்துகள்! 3ஆம், 10ஆம் இடங்களின் நேரம் தாருங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

#22 சுமைதாங்கி

3ஆம் இடத்தில் மூன்றாவது ஓட்டம் அதிகாலை மூன்றரை மணி வாக்கில், 6 கி.மீ., பேஸ் 4:55. சோதனை அளவுக்குச் சரியவில்லை. 10ஆம் இடத்தில் மூன்றாவது ஓட்டம் காலை 10 மணிக்கு மேல், 13 கி.மீ., 5:30 எதிர்பார்த்தோம், 6:05 வந்தது.

#23 கணக்குப்பிள்ளை

அப்படியானால் 10ஆம் இடத்தில் மட்டும் ஏழரை நிமிடம் போயிருக்கிறது. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த 5 நிமிடத்தை வெயில் விழுங்கிவிட்டது. அந்த வேகக்காரரை அங்கே போட்டிருந்தால்?

#24 பழையஷூ

அவர் அந்த வெயிலில் 13 கி.மீ. ஓடியிருந்தால் 4:55 வந்திருக்காது. 4:55 வந்ததே குளிர்ச்சியாலும் 6 கி.மீ. என்பதாலும்தான். ஓடாத ஓட்டத்துக்கு நேரம் எழுத முடியாது, தம்பி.

#25 கணக்குப்பிள்ளை

சோதனையின் மூன்றாவது ஓட்டத்தை விடியலுக்கு முன் வைக்காமல், இரண்டாவது வேன் ஆட்களுக்கு மட்டும் பகல் 10 மணிக்கு வைத்திருக்கலாம். இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#26 பழையஷூ

இது நல்ல யோசனை. எங்கள் குழுவிலும் இனி அப்படியே வைக்கிறோம்.

#27 ஆமைவேகம்

9ஆம் இடத்துக்காரர் கணித்த நேரத்துக்கும் ஓடிய நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்?

#28 சுமைதாங்கி

மூன்று ஓட்டத்திலும் சேர்த்து 4 நிமிடத்துக்குள். அணியிலேயே அவருடையதுதான் மிகச் சரியான கணிப்பு. வேகமானவர்களில் ஒருவர் ஒரே லெக்கில் 7 நிமிடம் தள்ளி வந்தார்.

#29 ஆமைவேகம்

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அவருக்கு ஏற்றம் உள்ள இடம் வேண்டுமா என்றும் கேளுங்கள்.

#30 சுமைதாங்கி

கேட்டேன். வேண்டாம், வேன் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்கிறார். பெயர்களை எடுத்துவிட்டு ஷீட்டை இந்த வாரம் இங்கே ஏற்றுகிறேன்.

#31 கணக்குப்பிள்ளை

ஒவ்வொரு லெக்கின் வெப்பநிலைக்கும் ஒரு பத்தி சேர்த்து ஏற்றுங்கள்.